மயக்கியவர் யார், சொன்னவர் யார்: இரண்டு நாவல்களை ஒப்பிட்டு வாசிக்க ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஏழெட்டுப் பேர் கூடி நாவல் வாசிக்கிறோம். ஒருமுறை முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். முதல் நாவலில் ஆண் பெண்ணை மயக்கிக் கெடுக்கிறான், இரண்டாவதில் கார்த்தியாயினி என்னும் பெண் கணவன் அனந்தன் நாயரை விட்டுவிட்டு வசதியானவனிடம் போய்விடுகிறாள், ஆகவே ஒன்று பெண்ணின் பக்கமும் மற்றொன்று ஆணின் பக்கமும் நிற்கின்றன என்பது அவருடைய முடிவு. உழைத்து எழுதியிருந்தார், மேற்கோள்களுக்கெல்லாம் பக்க எண் இருந்தது. வாசித்து முடித்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “மக்ளே, இதுல கார்த்தியாயினி நெனச்சது எது, அவ நெனச்சாண்ணு அனந்தன் நாயர் நெனச்சது எது?” என்று கேட்டார். மாணவி அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் பிரிக்கத் தொடங்கினார். அவள் ஆசைப்பட்டாள், அவள் சலித்துக்கொண்டாள், அவள் மயங்கினாள் என்று அவர் எழுதி வைத்திருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கணவரின் கணக்கில் போய் விழுந்தன.

நான் கீழே சொல்லும் முறை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கல்லூரிக் கட்டுரைக்கோ வாசகர் வட்டத்துக்கோ தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புக்கோ இது பயன்படும். ஆண், பெண் என்னும் இருவருக்கிடையே ஒருவர் மற்றவரைத் தன் பக்கம் இழுப்பதையும், அந்த இழுப்புக்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தையும் இரண்டு நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன என்பதைக் கண்டறிவதே நோக்கம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதுவது இதில் சேராது.

முதலில் நாவல்களைத் தேர்ந்தெடுக்கும் விதம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மூட்டு இருக்க வேண்டும்; அந்த மூட்டைத் தவிர மற்றவை வேறுபட்டிருந்தால் ஒப்பீடு வளரும். மாணவி எடுத்துக்கொண்ட இணை உண்மையில் நல்ல இணை. இரண்டும் 1970-ஆம் ஆண்டு புத்தகமாக வந்தவை. இரண்டிலும் ஒரு பழைய நிகழ்ச்சி, பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதை மறக்க முடியாத ஒருவரால் திரும்பத் திரும்பப் புரட்டப்படுகிறது. முதலாவதில் மழையில் பேருந்துக்காகக் காத்திருந்த கல்லூரி மாணவி கங்கா, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அன்று நடந்தது அவளுடைய வாழ்க்கை முழுவதற்குமான அடையாளமாகிவிடுகிறது. இரண்டாவதில், திருவனந்தபுரத்தில் சாதாரண உத்தியோகம் பார்த்த அனந்தன் நாயர், பேரழகியான மனைவி கார்த்தியாயினியைத் தன் மேலதிகாரி விக்கிரமன் தம்பியிடம் இழந்தவர்; தம்முடைய ஐம்பதாவது பிறந்த நாளில் அந்த நகரத்தின் தெருக்களில் நடந்தபடியே அந்த இழப்பை நினைத்துப் பார்க்கிறார். ஒன்றில் நினைப்பவள் பெண், மற்றதில் நினைப்பவர் ஆண். இந்த ஒரு வேறுபாடே ஒப்பீட்டுக்குப் போதிய தீனி.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட வேண்டாம். கதை நம்மை எங்கே கோபப்படுத்துகிறது, யார்மீது இரங்க வைக்கிறது என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும். அந்தக் கோபத்தையும் இரக்கத்தையும் வாசித்து முடித்த அன்றே ஒரு தாளில் நான்கு வரியில் எழுதி, தேதி போட்டு, நூலுக்குள் செருகி வையுங்கள். பிறகு அது தேவைப்படும்.

இரண்டாம் வாசிப்பில்தான் வேலை தொடங்குகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஒரு நாவல், வலப்பக்கம் மற்றது என்று வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரை இணங்க வைக்கும் காட்சிகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே நான் குறித்துக்கொள்ளும் விவரங்கள் மிகச் சாதாரணமானவை: காட்சி நடக்கும் இடம் யாருக்குச் சொந்தம், அங்கிருந்து வெளியே போகும் வழி யார் கையில் இருக்கிறது, மறுத்தால் யார் எதை இழப்பார், நடந்ததை நமக்குச் சொல்வது யார். உணர்ச்சி பற்றி இப்போது ஒன்றும் எழுத வேண்டாம். நில அளவையர் சங்கிலி பிடித்து அளப்பதுபோல அளந்துகொண்டு போனால் போதும்.

அந்தக் காரை எடுத்துக்கொள்வோம். இந்தக் காட்சியின் முதல் வடிவம், 1966-இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில் இருக்கிறது. இடம் யாருடையது? சாலை பொதுவானதுதான், ஆனால் கார் அவனுடையது. வழி யார் கையில்? எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது எல்லாம் ஓட்டுபவன் தீர்மானிப்பவை, வெளியே மழை. மறுத்தால் யாருக்கு இழப்பு? அவனுக்கு ஒரு மாலைப்பொழுது. அவளுக்கு வீடு திரும்பும் வழி. இவ்வளவையும் எழுதிய பிறகுதான் அவன் அவளுக்கு மெல்வதற்குக் கொடுக்கும் சூயிங்கம் கண்ணில் படும். விலை என்று பார்த்தால் அற்பம். ஆனால், வாங்கிக்கொண்டவள் என்ற நிலைக்கு அது அவளை நகர்த்திவிடுகிறது. வாங்கியவள் மறுத்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதைக் கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் காப்பியைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்தவர்கள்கூட அறிவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதை மென்றுகொண்டிருக்கிறாள். தாய் அதைப் பின்னர்தான் கவனித்துத் துப்பச் சொல்கிறாள். வலுக்கட்டாயம், சம்மதம் என்ற இரண்டு பெட்டிகளில் எதற்குள்ளும் முழுதாக அடங்காத ஒரு காட்சியை, ஒரு மிட்டாயை வைத்து ஜெயகாந்தன் எழுதிவிடுகிறார் என்பது என் எண்ணம். உங்கள் நோட்டில் இத்தகைய சின்னப் பொருட்களுக்குத் தனியே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

‘பள்ளிகொண்டபுரம்’ பக்கத்தில் இதே அளவுகோலைப் பிடித்தால் கோடுகள் வேறு இடத்தில் விழுகின்றன. விக்கிரமன் தம்பிக்குக் கதவடைத்த கார் தேவையில்லை. அவருக்கு ஒரு பதவி இருக்கிறது. மேலதிகாரியின் அன்பைக் கீழே இருப்பவர் மறுத்தால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே வாசகர் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு: அந்தப் பதவியின் எடை முதலில் விழுவது மனைவியின்மேல் அல்ல, கணவரின்மேல். இரண்டு ஆண்களுக்கு இடையே ஏற்கெனவே மேல், கீழ் என்று ஓர் ஏணி நிற்கிறது. கார்த்தியாயினி அந்த ஏணிக்கு நடுவில் வந்து நிற்கிறாள். எனவே ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அதிகாரம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதும்போது, ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான அதிகாரத்துக்கும் ஒரு பத்தி வைக்க வேண்டியிருக்கும். மாணவியின் கட்டுரையில் அந்தப் பத்தி இல்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்து வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ இருந்து படிப்பவர், ‘தம்பி’ என்ற பெயரைக் கண்டதும் இளையவன் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது திருவிதாங்கூரில் மன்னரின் ஆண்மக்களுக்கும் மன்னர் சிறப்புச் செய்தவர்களுக்கும் உரிய பட்டம் என்று தெரியும். பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே யார் எங்கே உட்காருவார், யார் எங்கே நிற்பார் என்பது தெரிந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1 வரையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவே இருந்தன. அதன் சொற்கள் இன்னும் நம் வீடுகளில் புழங்குகின்றன.

மருமக்கத்தாயமும் அப்படித்தான். தாய்வழியில் சொத்துப் போகும் அந்த ஏற்பாட்டில் நாயர் பெண் தன் தறவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் ஆள். மணவுறவு பிரிந்தால் அவளுக்கு நிற்க இடமில்லாமல் போவதில்லை. நாயர்களுக்கென்று 1925-இல் வந்த சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி செய்தது. நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு 1926-இல் தனிச்சட்டம் வந்தது. ஒரு தலைமுறைக்குள் மனைவி என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது. பழைய ஏற்பாட்டில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கக்கூடிய ஒரு பிரிவு, புதிய ஏற்பாட்டில் துரோகமாக எண்ணப்படும் நிலை வந்துவிட்டது. அனந்தன் நாயரின் வேதனையை இந்த மாற்றத்தின்மேல் வைத்துப் படித்தால், அது தனிமனிதரின் பொறாமையாக மட்டும் நின்றுவிடாது. ஆனால் மருமக்கத்தாயம் என்றதும் பெண்ணாட்சி என்று எழுதிவிடவும் கூடாது. தேரூர்க் கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ படித்தவர்களுக்குத் தெரியும், சொத்து பெண்வழியில் போனாலும் சாவிக்கொத்து குடும்பத் தலைவரான காரணவரின் இடுப்பில்தான் தொங்கியது என்பது.

சூழல் பற்றிய குறிப்பு இவ்வளவு போதும். சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பிறன்மனை சேர்தலைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, இந்த நாவல்கள் வந்தபோது நடைமுறையில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல்தான் அதைச் செல்லாது என்றது. அந்தப் பிரிவின்படி கணவனுடைய சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. மனைவியின் சம்மதம் கணக்கிலேயே வராது. இதைத் தெரிந்துகொண்டு திரும்ப ‘பள்ளிகொண்டபுரம்’ படித்துப் பாருங்கள். தமக்கு எதிராகக் குற்றம் நடந்துவிட்டது என்னும் அனந்தன் நாயரின் உறுதி எங்கிருந்து பலம் பெறுகிறது என்பது புரியும்.

இனி வினைச்சொற்களுக்கு வருவோம். இந்த முறையில் நான் அதிக நேரம் செலவிடும் பகுதி இதுவே. புதிதாக வருபவர்களுக்கும் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன். தமிழில் இந்த விஷயத்துக்கு இருக்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மயக்குதல், மயங்குதல், சொக்க வைத்தல், வசியம் பண்ணுதல், ஆசை காட்டுதல், வளைத்துப் போடுதல், மசிய வைத்தல், கைக்குள் போட்டுக்கொள்ளுதல், கெடுத்தல், கெட்டுப்போதல். நம் பக்கத்தில் கைவிஷம் கொடுத்தல் என்று ஒன்று கூடுதலாக உண்டு. நன்றாக இருந்த பிள்ளை யாரோ ஒருத்தியின் பின்னால் போய்விட்டான் என்றால், சோற்றில் எதையோ வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று முடித்துவிடுவார்கள். பட்டியலை எழுதி முடித்ததும், ஒவ்வொரு சொல்லுக்கும் எழுவாயாக ஆண் வருகிறானா, பெண் வருகிறாளா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மயக்கினாள்’ என்பது நாவில் எளிதாக வருகிறது. ‘மயக்கினான்’ என்பதற்கு ஏதோ ஒரு முன்னொட்டு தேவைப்படுகிறது. ஆசை வார்த்தை பேசி மயக்கினான் என்றால்தான் வாக்கியம் நிற்கிறது. ‘கெடுத்தான்’ என்றால் ஒருவன் ஒருத்தியைக் கெடுத்தான். ‘கெட்டுப்போனாள்’ என்னும்போதோ கெடுத்தவன் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறான். பழம் கெட்டுப்போவதுபோல அவள் தானாகவே கெட்டுப்போகிறாள். ‘கெட்டுப்போனான்’ என்று ஆணைச் சொன்னால் அது குடியையோ சீட்டாட்டத்தையோதான் குறிக்கும்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாவல்களிலும் ஒவ்வோர் அத்தியாயமாகப் போய், எந்தச் சொல் யார் வாயிலிருந்து யாரைப் பற்றி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கங்காவைப் பொறுத்தவரை, ‘கெட்டுப்போதல்’ என்பதைச் சேர்ந்த சொற்கள் அவளைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வந்து அவள்மேல் ஒட்டிக்கொள்கின்றன. சிறுகதையில் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நடந்ததை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்ட தாய்க்குப் பதிலாக, நாவலில் விஷயம் வெளியே வந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அதாவது காரில் நடந்தது ஒரு நிகழ்ச்சி. அதற்குப் பெயர் வைத்தது வீடு. பிறகு அவள், வீடு வைத்த அந்தப் பெயரையே எடுத்து அணிந்துகொண்டு, அந்தப் பெயரின் எல்லை வரைக்கும் நடந்து பார்க்கத் துணிகிறாள். அனந்தன் நாயரிடம் வேறு விதமான சொல்வளம் இருக்கிறது. அழகுக்கும் ஆபத்துக்கும் இடையே அவர் மனம் போய்ப் போய் வருகிறது. அழகுள்ள மனைவி கணவனுக்குப் பகை என்று வடமொழியில் ஒரு பழைய நீதிவாக்கு உண்டு. அதில் மனைவி எதுவுமே செய்வதில்லை, சும்மா அழகாக இருக்கிறாள், அதுவே குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. அவர் மனைவியைப் பற்றி எண்ணும் பத்திகளில் அவள் செய்தவற்றையும் அவள் இருந்த விதத்தையும் தனித்தனியே அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று வைத்துக்கொண்டால் பக்கத்தைத் திறந்ததுமே எது மிகுதி என்று தெரிந்துவிடும். நூலகப் புத்தகமாக இருந்தால் நகலில் செய்யுங்கள். ஒரு பொது நூலகத்திலிருந்து நான் எடுத்த பிரதியில், எனக்கு முன்னால் படித்த யாரோ ஒருவர் பேனாவால் ஓரத்தில் ‘இவள்தான் காரணம்’ என்று எழுதி, இரண்டு முறை கோடு போட்டிருந்தார். மை அடுத்த பக்கத்திலும் ஊறியிருந்தது.

அடுத்தது, சொல்பவரைச் சோதித்தல். கங்கா தன் கதையைத் தானே சொல்கிறாள் என்பதால் அவள் சொல்வதெல்லாம் உண்மை என்றும், அனந்தன் நாயர் காயம்பட்ட கணவர் என்பதால் அவர் நினைப்பதெல்லாம் பொய் என்றும் எடுத்துக்கொள்வது எளிது, இரண்டுமே தவறு. கங்காவும் தன்னைப் பற்றிச் சிலவற்றைத் தனக்கே மறைத்துக்கொள்கிறாள். தன்னை வெறுக்கும்போதும் அவள் பேச்சில் ஒரு பெருமிதம் இழையோடுகிறது. அனந்தன் நாயரும் தம்மை அறியாமலேயே தமக்கு எதிரான சாட்சியைச் சில இடங்களில் தந்துவிடுகிறார். சந்தேகப்படுபவரின் நினைவு அவர் விரும்பாத விவரங்களையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். அத்தகைய இடங்கள் கண்ணில் பட்டால் அவற்றை உங்கள் கட்டுரையின் நடுவில் வையுங்கள்.

இதற்குப் பயிற்சியாக நான் கொடுப்பது கள்ளியங்காட்டு நீலியின் கதை. நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் பெயரைக் கேட்டதும், இரவில் தனியே வரும் ஆணிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கி, உயிரைக் குடிக்கும் யட்சி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். சிறு வயதில் எனக்குச் சொல்லப்பட்டதும் அந்தப் பாதிதான். முன்பாதியில் அவள் அல்லி என்னும் தாசிகுலப் பெண். நகைக்காக நம்பி என்பவன், தன்னை நம்பி மடியில் தலைவைத்துத் தூங்கியவளைக் கள்ளிச்செடியின் அடியில் கல்லால் தலையை நசுக்கிக் கொன்றுவிடுகிறான். ஊருக்கு ஊர் விவரம் மாறும், எலும்புக்கூடு இதுதான். முதலில் ஆசை காட்டி ஏமாற்றியவன் ஆண். அந்தக் கொலைக்குப் பிறகுதான் அவள் மயக்குபவளாகிறாள். வழிப்போக்கரை எச்சரிக்கச் சொல்லப்படும்போது இரண்டாம் பாதி போதும் என்று ஆகிவிடுகிறது. ஒரே கதையை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பதே குற்றவாளியை மாற்றிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட என்னால் முடியவில்லை. இரண்டு நாவல்களும் எந்தப் புள்ளியில் தொடங்குகின்றன, தொடக்கத்தை இருபது பக்கம் முன்னே தள்ளினால் யார்மீது நம் கண் விழும் என்று யோசித்துப் பார்த்து, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இனி, உதவி என்ற வேடத்தில் வரும் அதிகாரத்தைத் தேட வேண்டும். இதை விட்டுவிட்டால் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பாதி மட்டுமே வாசிக்கப்பட்டதாகும். காரில் ஏற்றிக்கொண்ட பிரபுவைவிட எனக்கு அச்சம் தருபவர் வெங்கு மாமா. வக்கீல், சாஸ்திரம் பேசுபவர், அண்ணன் துரத்திய பெண்ணைப் படிக்க வைத்தவர். அந்த ஆதரவின் மறைவிலேயே அவளிடம் உரிமை கொண்டாட முயல்கிறார். இனி அவள் ஒருவனுக்கு மனைவியாக இருக்க முடியாது, வைப்பாட்டியாக வேண்டுமானால் இருக்கலாம் என்ற தீர்ப்பும், முடிந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடிக்கட்டும் என்ற சவாலும் அவரிடமிருந்தே வருகின்றன. காரில் நடந்தது ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. மாமாவின் பிடியோ படிப்புக்குக் கட்டிய பணத்திலும், ஊர் வாய்க்கு அவர் கொடுத்த காவலிலும், பெரியவர் தொட்டால் தவறில்லை என்ற பழக்கத்திலும் கலந்து ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கும் ஒருவரை எதிர்ப்பதற்குத் தமிழ்க் குடும்பத்தில் சொல்லே கிடையாது. கங்கா அந்தச் சொல்லைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெங்கு மாமாவை விக்கிரமன் தம்பிக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். மாணவியின் கட்டுரையில் பிரபுவும் தம்பியும்தான் எதிரெதிராக நின்றார்கள். மாமாவும் தம்பியும் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். இருவருமே வீட்டுக்குள் மரியாதையோடு வந்துபோகக்கூடியவர்கள். ஆனால் தம்பியுடன் போன கார்த்தியாயினிக்கு அங்கே ஒரு வாழ்க்கை அமைகிறது. மாமாவின் ஆதரவில் கங்காவுக்கு அமைவது கடன் மட்டுமே. பதவியைக் காட்டி ஒருத்தியைக் கவர்ந்த ஆணை நாம் எளிதில் வில்லனாக்கிவிடுகிறோம், குடும்பத்துக்குள் இருந்துகொண்டு கைநீட்டியவரைப் ‘பெரிய மனுஷன்’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். நாவலை வாசிக்கும்போதும் அந்தப் பழக்கம் நம் கூடவே வருகிறது.

இந்தக் கட்டத்தில் முதல் வாசிப்பன்று எழுதிச் செருகிய தாளை வெளியே எடுங்கள். என்னுடைய தாளில் அனந்தன் நாயர்மேல் இரக்கமும், கங்காமேல் ஒருவித எரிச்சலும் இருந்தன. காரணம் தேடியபோது அது பாதிக்கு மேல் மொழியைச் சார்ந்ததாக இருந்தது. மலையாளம் கலந்த தமிழும் கோயில் நடையும் தெருவும் எனக்குப் பழகியவை. இரணியல் பக்கத்து வேர் கொண்ட எழுத்தாளர் எழுதிய அனந்தன் நாயர் என் பக்கத்து வீட்டுக்காரர்போல இருந்தார். கங்காவின் பிராமணப் பேச்சு வழக்கு எனக்குத் தூரத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சை நாம் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். வேறு ஊரில் இருந்து படிப்பவருக்கு இந்தச் சாய்வு நேர்மாறாக இருக்கலாம். கட்டுரையில் இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் மற்ற பத்திகளுக்கு நம்பகம் கூடும்.

இன்னொரு எச்சரிக்கை. கங்கா ‘நான்’ என்று பேசினாலும் எழுதியவர் ஆண். மான்மியத்திலும் காரணவரின் மனைவி தன் வாயால் புலம்புகிறாள், எழுதியவர் கவிமணி. பெண்ணின் குரல் என்று எழுதுவதற்கு முன், பெண்ணின் குரலில் ஓர் ஆண் எழுதியது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். இதனால் அந்தக் குரல் பொய்யாகிவிடாது. ஜெயகாந்தனே இதை அறிந்திருந்தார் என்பதற்கு நாவலுக்குள்ளேயே தடயம் இருக்கிறது: தன் வாழ்க்கையை ஒத்த ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கும் கங்கா, அதை எழுதியவரைத் தேடிப்போய்ச் சந்திக்கிறாள். எழுதப்பட்டவள் எழுதியவரின் எதிரில் வந்து உட்காரும் அந்தப் பகுதியை ஒப்பீட்டில் யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. கார்த்தியாயினிக்கு அப்படி ஒரு நாற்காலி போடப்படவில்லை.

எழுதும் வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாவல் ஒன்றைப் பத்துப் பக்கம், பிறகு நாவல் இரண்டைப் பத்துப் பக்கம் என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது, இரண்டு கட்டுரைகளைத் தைத்ததாகவே இருக்கும். இடம், வழி, இழப்பு, சொல்பவர், உதவி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு நாவல்களையும் ஒரே பத்திக்குள் கொண்டுவாருங்கள். கதைச் சுருக்கம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘ஆணாதிக்கச் சமூகம்’ என்ற தொடரை முதல் வரைவில் எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணி, ஒவ்வோர் இடத்திலும் அதை அடித்துவிட்டு, அந்தக் காட்சியில் யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். மாணவியின் கட்டுரையில் அது பதினேழு இடங்களில் இருந்தது. திருத்திய வரைவில் இரண்டு. 1977-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் கங்காவை லட்சுமியின் முகத்தோடுதான் நினைப்பார்கள். படத்தில் கண்டதை நாவலின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க, மேற்கோளைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கங்கா பிரபுவைத் தேடிப் போனது மாமாவின் தீர்ப்புக்கு அடிபணிந்ததா, அந்தத் தீர்ப்பையே அவர் முகத்தில் எறிந்ததா என்பதில் எங்கள் கூட்டம் இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது. ஆசிரியை முதல் கட்சி, மாணவி இரண்டாம் கட்சி. குழித்துறைப் பக்கம் போகும் கடைசி வசதியான பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று பேச்சை நிறுத்தினோம். திருத்திய கட்டுரையில் இரண்டு கட்சிகளுக்கும் ஆதாரமான பக்கங்களை மாணவி அடுத்தடுத்து வைத்துவிட்டு, தன் சாய்வை ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். கருத்து முடிவாகாத இடத்தில் அப்படி எழுதுவதே சரி என்று நினைக்கிறேன்.

முறை கைக்கு வந்ததா என்று பார்க்க, மூன்றாவதாக ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் எழுதிய ‘புத்தம் வீடு’ நாவலை எடுத்துக்கொள்ளலாம். நம் பனைவிளைகளின் கதை, எழுதியவர் பெண். வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் நிறுத்தப்படும் லிஸி, பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ், நடுவே பழம்பெருமை பேசும் தாத்தா கண்ணப்பச்சியின் வீடு. மயக்கும் காட்சி என்று சொல்லத்தக்கது இதில் ஒன்றுகூட இல்லாததுபோலத் தோன்றும். அதனால் நோட்டில் காட்சிகளுக்குப் பதிலாகக் கதவுகளைக் குறியுங்கள்: லிஸி எப்போது எந்த வாசல் வரை வருகிறாள், அங்கிருந்து என்ன தெரிகிறது, அவளை உள்ளே கூப்பிடுவது யாருடைய குரல். முதல் ஐம்பது பக்கத்துக்கு இதைச் செய்துவிட்டுப் பிறகு கங்காவின் காருக்குத் திரும்பி வாருங்கள்.